பழைய 1932 ஃபோர்ட் கூபே நிஜமாகவே டிராக் ரேஸ் ஓடியதா? எப்படிக் கண்டுபிடிப்பது, பிறகு என்ன செய்வது

கேள்வி சுருக்கமாக இதுதான். கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், பக்கத்துத் தெருப் பெரியவரிடமிருந்து 1932 ஃபோர்ட் கூபே (இரண்டு கதவு, மூடிய கூரையுள்ள கார்) ஒன்றை வாங்க யோசிக்கிறார். ஹாட் ராடாக மாற்றப்பட்ட வண்டி. 1950-களில் டிராக் ரேஸ் ஓடியது என்று சொல்லி, அதற்காகப் பெரியவர் கூடுதல் விலை கேட்கிறார். அதை நம்பலாமா? வாங்கினால் பெயிண்ட் அடித்துப் புதுசு மாதிரி ஆக்கிவிடலாமா?

வாய்வார்த்தையை மட்டும் நம்பிக் கூடுதலாக ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். ஆனால் பெரியவர் சொல்லும் கதையை வண்டியின் இரும்பும் சொன்னால், தாராளமாகக் கொடுங்கள். பெயிண்டைப் பொறுத்தவரை, வாங்கி ஒரு வருடம் ஆகும்வரை உப்புத்தாளைக் கையிலேயே எடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு நண்பரின் கராஜில் வாரக்கடைசிகளில் இந்த மாதிரி வண்டிகளின் அடியில் படுத்துக் கிடந்தே பல வருடங்கள் போயிருக்கின்றன. இந்த விஷயத்தில் ஆட்கள் செய்யும் தவறுகளைப் பார்த்து மனசு வலித்ததும் உண்டு.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் எழுதும்போது ஓடுதளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் (track) இந்தப் பந்தயத்தின் பெயரும் (drag) ஒன்றுபோலவே 'டிராக்' என்று ஆகிவிடுகின்றன. இங்கே பேசுவது இரண்டாவதை. இரண்டு வண்டிகள் பக்கம்பக்கமாக நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்கோட்டில் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர், ஓடும். முதலில் கோட்டைத் தொடுவது ஜெயித்தது. வளைவு கிடையாது, இரண்டாவது சுற்று கிடையாது. ஹாட் ராட் என்பது பழைய சாதாரணக் காரை எடுத்து, வேண்டாத எடையைக் கழற்றிப் போட்டு, என்ஜினை முறுக்கேற்றி, வேகத்துக்காக மாற்றியமைத்த வண்டி. இந்த இரண்டும் கலிஃபோர்னியாவில் ஒரே பையன்களின் கையில் வளர்ந்தவை.

1932 ஃபோர்டுக்கு ஏன் இத்தனை மவுசு? அதுவரை வி-8, அதாவது 'V' வடிவத்தில் எட்டு சிலிண்டர் உள்ள என்ஜின், பணக்காரர்களின் சமாச்சாரம். ஹென்றி ஃபோர்ட் அதை ஒரே வார்ப்பாக வார்த்து, 460 டாலரிலிருந்து கிடைக்கும் காரில் வைத்தார். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு சின்ன காரில்கூட இதைவிட அதிகம் இருக்கிறது. ஆனால் ஒரு டன்னுக்குச் சற்றே மேற்பட்ட எடையுள்ள வண்டிக்கு அன்று அது பெரிய விஷயம். வால்வுகள் தலைப்பகுதியில் இல்லாமல் பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருந்ததால் இதற்கு 'ஃபிளாட்ஹெட்' என்று பெயர். 1940-களின் கடைசியில் இந்த வண்டிகள் பழசாகி அடிமாட்டு விலைக்கு வந்தன. இரண்டாம் உலகப் போரில் விமானமும் லாரியும் பழுதுபார்த்துப் பழகிய இளைஞர்கள் அதே நேரத்தில் ஊர் திரும்பினார்கள். கையில் கொஞ்சம் காசு, மண்டை நிறைய மெக்கானிக் வேலை. அப்புறம் என்ன, மட்காப்பு போனது, பம்பர் போனது, என்ஜின் வெளியே வந்தது.

முதலில் அவர்கள் ஓடிய இடம் வறண்ட ஏரிகள். மியூராக், எல் மிராஜ் போன்ற பாலைவன ஏரிப் படுகைகளில் 1930-களிலேயே பந்தயம் நடந்தது. அதை ஒழுங்குபடுத்த எஸ்.சி.டி.ஏ. என்ற அமைப்பு 1937-இல் உருவானது. ஏரி தூரம், தூசி, வருடத்தில் சில நாள்தான். ஊருக்குள் தெருவில் ஓட்டினால் போலீஸ், விபத்து. இதற்கு மாற்றாக 1950-இல் சி.ஜே. ஹார்ட் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து சாண்டா அனா விமான நிலையத்தின் பயன்படாத ஓடுபாதையில் வாராவாரம் பந்தயம் நடத்த ஆரம்பித்தார். அவருடைய மனைவி பெக்கி ஹார்ட் அங்கே ஓட்டி ஆண்களைத் தோற்கடித்தவர். இன்று அந்த இடம் ஜான் வெய்ன் விமான நிலையம். அதன் வழியாகப் பயணம் செய்தால் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் டிராக் ரேஸை ஒழுங்குபடுத்தும் என்.எச்.ஆர்.ஏ. என்ற சங்கத்தைத் தொடங்கினார். அவர்களின் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் 1953-இல் பொமோனாவில். முதல் தேசியப் போட்டி 1955-இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் ஊரில். மழை கெடுத்ததால் அதன் இறுதிச் சுற்றுகளை அரிசோனாவுக்கு எடுத்துப் போய் முடித்தார்கள்.

இந்த வரலாறு உங்களுக்கு எதற்கு என்றால், பெரியவரிடம் முதல் கேள்வியே 'எந்த ஓடுதளம், எந்த வருடம்' என்பதுதான். 1948-இல் சாண்டா அனாவில் ஓடியது என்று சொன்னால் அங்கேயே கொஞ்சம் நிதானியுங்கள். வயதானவர்களுக்கு வருடம் மாறிப்போகும், அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சரியான வருடத்தை வேறு வழியில் தேட வேண்டியிருக்கும்.

சரி, வண்டிக்கு வருவோம். முன்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

அன்றைய பையன்களிடம் டிரெய்லர் வாங்கக் காசில்லை. ரேஸ் வண்டியை இன்னொரு காரின் பின்னால் இரும்புக் கம்பியில் மாட்டி, அதன் சொந்தச் சக்கரத்திலேயே இழுத்துக்கொண்டு போவார்கள். அதற்காக சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) முன் கொம்புகளிலோ குறுக்குக் குழாயிலோ இரண்டு காதுகளை வெல்டிங் செய்திருப்பார்கள். தடிமனான இரும்புத் தகடு, நடுவில் ஒரு துளை. அந்தத் துளை வட்டமாக இருக்கிறதா, தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நூற்றுக்கணக்கான மைல் இழுபட்ட காதில் துளை வட்டமாக இருக்காது. பழமை தெரிய வேண்டும் என்று போன வருடம் ஒட்டிய காதில் அந்தத் தேய்மானம் வராது. நான் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் முதலில் விரலை விட்டுப் பார்ப்பது அந்தத் துளையில்தான். பின்பக்கத்தில் தள்ளு கம்பிக்கான தாங்கிகள் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டார்ட்டரைக் கழற்றி எடை குறைத்த வண்டிகளை இன்னொரு காரை வைத்துப் பின்னாலிருந்து தள்ளித்தான் கிளப்புவார்கள்.

அடுத்து ஃபயர்வால். என்ஜினுக்கும் ஓட்டுபவர் காலுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தகடு ஒரு டைரி மாதிரி. ஃபிளாட்ஹெட் என்ஜினில் புகைபோக்கும் பாதை பிளாக்கின் வழியாகவே போகும். அதனால் சீக்கிரம் சூடேறும், ஓரளவுக்கு மேல் அதிலிருந்து சக்தியைப் பிழிய முடியாது. 1949-இல் ஓல்ட்ஸ்மொபில் 303 கன அங்குல வி-8 வந்தது, 1951-இல் கிறைஸ்லர் ஹெமி, 1955-இல் செவ்ரலே 265. ஒவ்வொன்றும் வரவர, ரேஸ் ஓடுபவர்கள் பழையதைத் தூக்கிவிட்டு அதை வைத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய துளைகள், புதிய தாங்கிகள், பழைய துளைகளுக்கு ஒட்டு. எடையைப் பின்னால் தள்ளுவதற்காக என்ஜினையே பின்னுக்கு நகர்த்தியிருந்தால் ஃபயர்வால் வெட்டப்பட்டு உள்நோக்கிக் குழிந்திருக்கும். துளைகளுக்கு வைத்த ஒட்டுகளைக் கவனியுங்கள். கேஸ் வெல்டிங் செய்த இடம் அகலமாக, சூட்டில் கொஞ்சம் நெளிந்து இருக்கும். இன்றைய கம்பிச் சுருள் வெல்டிங் குறுகலாக, மேடாக, வரிசைப் பருக்கள்போல் தெரியும். ஒரே ஃபயர்வாலில் இரண்டு மூன்று காலத்துக் கைகள் தெரிந்தால் மகிழ்ச்சியடையுங்கள்.

இப்போது உள்ளே குனிந்து, கால் வைக்கும் தரையைப் பாருங்கள். சாதாரண வாகனத்துக்கான கிளட்சும், அதோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலும் ரேஸ் சுழற்சி வேகத்தைத் தாங்காமல் வெடிப்பது அன்று சகஜம். வார்ப்பிரும்புத் துண்டுகள் பெட்டி உறையை உடைத்துக்கொண்டு தரையைக் கிழித்து மேலே வரும். கால் போனவர்கள் உண்டு, உயிர் போனதும் உண்டு. அதனால்தான் கிளட்சைச் சுற்றிக் கனமான எஃகுக் கவசம் கட்டாயமானது. நான் பார்த்த ஒரு கூபேயில், கம்பளத்தைத் தூக்கியதும் கிளட்ச் பெடலுக்கு வலப்பக்கம் பிறை வடிவத்தில் ஓர் ஒட்டுத் தகடு இருந்தது. அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், கிழிந்த பழைய இரும்பின் உதடுகள் மேல்நோக்கி வளைந்தபடியே இருந்தன. யாரோ அவற்றைச் சுத்தியலால் தட்டி அமுக்காமல், மேலே தகட்டை வைத்து ஒட்டிவிட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து மேலே எதுவோ பாய்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அந்த இடத்திலிருந்து ஓட்டுபவரின் பாதம் நான்கு விரல் தூரம். அன்று மதியம் முழுக்க அந்த வண்டியின் வேறெதையும் நான் பார்க்கவில்லை.

பின்பக்கம்தான் டிராக் ரேஸின் முகவரி. நின்ற இடத்திலிருந்து வண்டி பாயும்போது எடை பின் சக்கரங்களுக்கு மாறும். அந்தத் தருணத்தில் டயர் வழுக்காமல் பிடித்தால்தான் ஜெயம். அதற்காகச் செய்த வேலைகள் எல்லாம் தடம் விட்டுப்போகும். பின் ஆக்சில் தன் அச்சில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்கு ஏணி மாதிரி நீளமான கம்பிகள் போட்டிருப்பார்கள். கம்பியைக் கழற்றியிருந்தாலும் சேஸிஸில் தாங்கியின் தழும்பு இருக்கும். 1932-இன் சேஸிஸ் தண்டுகள் உள்பக்கம் திறந்த 'ப' வடிவம். அதில் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்கியிருந்தால் பெரிய என்ஜினுக்குத் தயாராக்கியிருக்கிறார்கள் என்று பொருள். நடு குறுக்குத் தண்டை வெட்டியிருந்தால் ஃபோர்டின் கியர்பாக்ஸ் உடைந்து உடைந்து சலித்துப்போய் வேறு பெரிய கியர்பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். அகலமான வழவழப்பு டயர் உள்ளே போக வேண்டும் என்று பின் சக்கர வளைவுகளை அறுத்திருப்பார்கள். அறுத்த ஓரத்தைக் கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பந்தயத்துக்கு முந்தின இரவு அறுத்த ஓரமும், கண்காட்சிக்காக அழகாக மடித்த ஓரமும் ஒன்றாக இருக்காது. பின்னால் தொங்கும் அசல் பெட்ரோல் டாங்க் இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம், அதை முதலில் கழற்றியிருப்பார்கள். பேட்டரி டிக்கியில் இருந்த அடையாளம், ஈயக் கட்டிகளைப் போல்ட் போட்ட துளைகள், தரையில் பாதுகாப்பு வளைவுக் குழாய் நின்ற நான்கு சதுரத் தகடுகள், இதெல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கியிருந்தால்தான் ரேஸ் வண்டி என்ற ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. அது தவறு. அந்தத் தோற்றம் 'காஸர்' எனப்படும் வகுப்பு வண்டிகளுடையது. பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் ஓட வேண்டும் என்ற வகுப்பு அது. எடைக்கும் என்ஜின் அளவுக்கும் உள்ள விகிதத்தை வைத்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். அந்த எழுத்தைக் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதுவார்கள். 1950-களின் கடைசியிலும் 1960-களிலும் எடையைப் பின்னால் தள்ளுவதற்காக முன்பக்கத்தை நேர் ஆக்சிலில் உயர்த்தினார்கள். 1950-களின் தொடக்கத்தில் ஓடிய ஃபோர்ட் கூபே பெரும்பாலும் தாழ்வாகத்தான் இருந்திருக்கும். உங்கள் பெரியவரின் வண்டி 1953-இல் ஓடியது என்று சொல்லி, முன்பக்கம் மட்டும் இரண்டடி தூக்கியிருந்தால், யாரோ பிற்பாடு ஆசைப்பட்டுச் செய்தது என்றே எடுத்துக்கொள்வேன்.

காஸர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனசில்லை. அந்த வகுப்பின் ராஜா ஃபோர்ட் இல்லை, வில்லிஸ். ஜீப் செய்த அதே வில்லிஸ். அவர்களின் 1941 கூபே சின்னது, இலேசானது, யாரும் சீண்டாத விலைக்குக் கிடைத்தது. ஸ்டோன், வுட்ஸ், குக் என்ற மூவரின் நீல நிற வில்லிஸும், 'பிக் ஜான்' மஸ்மானியனின் சிவப்பு வில்லிஸும் 1960-களில் மோதியதைப் பற்றி இன்றும் கண்கலங்கப் பேசும் முதியவர்களைச் சந்தித்திருக்கிறேன். யார் ஜெயிக்கிறாரோ அவருக்குக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) செய்து கொடுத்த கம்பெனி மறு மாதம் முழுப் பக்க விளம்பரம் போடும், தோற்றவரின் கம்பெனி அதற்குப் பதில் விளம்பரம் போடும். அந்த என்ஜின்களின் தலையில் உட்கார்ந்து, உள்ளே கூடுதல் காற்றைத் திணித்த பெரிய காற்றழுத்தி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜி.எம்.சி.யின் 6-71 டீசல் என்ஜினிலிருந்து. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், அதுதான் பெயர்க் காரணம். அது இரண்டு ஸ்ட்ரோக் டீசல், தானாகக் காற்றை இழுத்துக்கொள்ளாது, ஊதித் தள்ள ஓர் இயந்திரம் வேண்டும். பஸ்ஸிலும் லாரியிலும் உழைத்துத் தேய்ந்த அந்த ஊதியைப் பழைய இரும்புக் கடையில் எடுத்து வந்து பெட்ரோல் என்ஜின் மேல் வைத்தார்கள். உங்கள் வண்டியில் அப்படி ஒன்று இருந்தால், உறையின் மேல் உள்ள வார்ப்பு எழுத்துகளைப் படம் எடுத்து வையுங்கள்.

பெயிண்ட் பற்றி ஏன் அவ்வளவு கறாராகச் சொன்னேன் என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு கூபே கராஜுக்கு வந்தது, மங்கிய கறுப்பு. கதவின் கீழ் ஓரத்தில் துருவைப் பார்ப்பதற்காக 1500 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, உள்ளங்கை அகலத்துக்கு மெதுவாகத் தேய்த்தோம். கறுப்புக்குக் கீழே சாம்பல், அதற்குக் கீழே அடர் சிவப்பு. சிவப்பில் ஒரு சாய்ந்த கோடு மேடாகத் தெரிந்தது. தண்ணீரை விட்டுத் துடைத்தபோது அது தூரிகையால் எழுதிய ஓர் எழுத்தின் கால். பெயின்டர் எழுதிய எனாமல் சுற்றியுள்ள பெயிண்டைவிட ஒரு மயிரிழை தடிமனாக இருக்கும், அதனால் மேலே மூன்று கோட்டு அடித்தாலும் சாய்ந்த வெளிச்சத்தில் அதன் விளிம்பு எழும்பித் தெரியும். அங்கேயே நிறுத்தினோம். ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சைக் கதவோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, தேய்க்காத இடத்திலும் மீதி எழுத்துகளின் நிழல் தெரிந்தது. ஓட்டியவரின் பெயர், வகுப்பு எழுத்து, ஒரு எண். அதை வைத்துத்தான் பழைய பத்திரிகைகளின் பந்தய முடிவுகளில் அந்த வண்டியைக் கண்டுபிடித்தார்கள். தேய்க்கும் மெஷினை வைத்துப் பத்து நிமிடம் ஓட்டியிருந்தால் எல்லாம் தூசியாகப் போயிருக்கும். அப்படிப் போன வண்டி ஒன்றையும் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் பிறகு ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, கதவின் முன்னால் நெடுநேரம் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்.

போலிகளுக்கு வருவோம். 1932 ஃபோர்டின் உடல் இன்று புதிதாகவே கிடைக்கிறது. ஃபைபர்கிளாஸில் நிறையப் பேர் செய்கிறார்கள், எஃகிலும் புதிதாக அடித்து விற்கிறார்கள். சேஸிஸும் அப்படியே. அவற்றில் கட்டிய வண்டி மோசம் என்று சொல்ல வரவில்லை, ஓட்டுவதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அது 1950-களில் ஓடியிருக்க முடியாது. காந்தம் வைத்துப் பாருங்கள். ஃபைபரில் ஒட்டாது. ஒட்டாத இடமெல்லாம் ஃபைபர் என்றும் இல்லை. பட்டி பூசிய இடத்திலும், பழைய காலத்தில் ஈயம் உருக்கி நிரப்பிய இடத்திலும் பிடிமானம் குறையும். வி-8 வண்டியாக இருந்தால் எண் 18 என்று தொடங்கி இருபுறமும் நட்சத்திரக் குறியோடு, இடது சேஸிஸ் தண்டின் மேல்புறம் ஸ்டியரிங் பெட்டிக்கு அருகே அடித்திருக்கும். அதே எண் பாடிக்கு அடியில் மறைந்தும் இருக்கும். வெளியே தெரிவதும் மறைந்திருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதே எண்ணை ஃபோர்ட் கியர்பாக்ஸ் உறையிலும் அடித்தது. அந்தக் காலத்தில் பதிவும் பெரும்பாலும் என்ஜின் எண் என்ற பெயரில்தான் நடந்தது. ரேஸுக்காக என்ஜினையும் கியர்பாக்ஸையும் தூக்கிய அன்றே அந்த எண் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அடுத்த என்ஜினின் எண்ணில் சிலர் மறுபதிவு செய்தார்கள். முழுநேர ரேஸ் வண்டியான சிலது பதிவே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தது. ஆக, காகிதத்தில் உள்ள எண் சேஸிஸில் இல்லையென்றால் உடனே திருட்டு வண்டி என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் மாநில வாகனப் பதிவு அலுவலகத்தில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 'வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றவர்கள் அலைந்த அலைச்சலைக் கண்ணால் பார்த்தவன் நான்.

காகிதச் சாட்சிகளில் பந்தய நேரச் சீட்டு முதல் தரம். ஓடுதளம், தேதி, வகுப்பு, நேரம், வேகம் எல்லாம் அதில் இருக்கும். பங்கேற்றவர்களுக்குக் கொடுத்த சின்ன உலோகப் பட்டயங்களை டேஷ்போர்டில் திருகி வைப்பார்கள். பட்டயம் போயிருந்தாலும் திருகுத் துளைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். குடும்ப ஆல்பத்துப் படங்கள் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளவை. படத்தில் வண்டியின் அழகைப் பார்க்காதீர்கள். ஃபயர்வால் துளை, கதவின் நெளிவு, வெட்டிய வளைவின் வடிவம் என்று ஏதாவது ஓர் அடையாளத்தைப் பிடித்து, அதே இடத்தை வண்டியில் தேடுங்கள். இரண்டு அடையாளம் பொருந்தினால் எனக்குப் போதும்.

எந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவது என்ற கேள்விக்கு ஒரு நல்ல உதாரணம் சிலி கட்டலோவின் கூபே. மிச்சிகனைச் சேர்ந்த அவர் பதினைந்து வயதில் 75 டாலருக்கு வாங்கிய 1932 ஃபோர்ட். டெட்ராய்டின் அலெக்சாண்டர் சகோதரர்கள் அதன் உடலை மாற்றியமைத்தார்கள். ஓல்ட்ஸ்மொபில் என்ஜின், அதன் மேல் காற்றழுத்தி. டிராக் ரேஸ் ஓடியது. கலிஃபோர்னியாவுக்கு வந்து, கார்களை மாற்றியமைப்பதில் பேர்போன ஜார்ஜ் பாரிஸ் என்பவரின் பட்டறையில் கூரையைத் தாழ்த்தினார்கள். 1961 ஜூலையில் 'ஹாட் ராட்' பத்திரிகையின் அட்டையில் வந்தது. 1963-இல் பீச் பாய்ஸ் என்ற பாட்டுக் குழுவின் இசைத்தட்டு அட்டையிலும் அதே வண்டிதான். கட்டலோவும் படத்தில் இருக்கிறார், ஆனால் தலையை வெட்டிவிட்டார்கள். பிறகு அவர் அதை விற்றார். பல வருடம் கழித்து 1990-களில் குடும்பம் அதைத் தேடிப்பிடித்துத் திரும்ப வாங்கியது. அந்த வண்டிக்கு 1932-இல் ஃபோர்டிலிருந்து வெளிவந்த ஒரு நிலை உண்டு, பள்ளிப் பையனின் தெரு வண்டியாக ஒரு நிலை, ரேஸ் நிலை, கண்காட்சி நிலை. அவர்களுக்கு 1961 அட்டைப் படம் கையில் இருந்தது, உலகம் அறிந்ததும் அதுவே. அந்த நிலைக்குக் கொண்டுவந்தது சரியான முடிவு என்று நினைக்கிறேன். புகைப்படச் சான்று உள்ள ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு அதற்கு உண்மையாக இருப்பது ஒரு வழி. சான்று இல்லாத இடத்தில், கடைசியாக ஓடியபோது எப்படி இருந்ததோ அப்படியே நிறுத்தி, துருவை மட்டும் தடுத்து, இயங்கும் பாகங்களைச் சரிசெய்வது இன்னொரு வழி. இரண்டுக்கும் இடையில், '1950-கள் மாதிரி' என்று கற்பனையில் பெயரும் எண்ணும் விளம்பர ஸ்டிக்கரும் ஒட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். அடுத்து வாங்குபவர் அதை நிஜம் என்று நம்புவார்.

இந்த வண்டிகளைப் பழைய இரும்பு என்று பார்த்த காலம் போய்விட்டது. பணக்காரக் கார்களின் உச்சக் கண்காட்சியான கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1997-இல் ஹாட் ராடுகளுக்கென்று தனி வகுப்பு வைத்தார்கள். முதல் பரிசு வாங்கியது டோன் ஸ்பென்சர் கட்டிய 1932 ஃபோர்ட் ரோட்ஸ்டர், அதாவது நிலையான கூரை இல்லாத திறந்த கார். பொமோனாவில் வாலி பார்க்ஸ் பெயரில் என்.எச்.ஆர்.ஏ. அருங்காட்சியகம் இருக்கிறது. வண்டியை வாங்குவதற்கு முன் ஒரு நாள் அங்கே போய் வாருங்கள். ஆர்ட் கிறிஸ்மன் ஓட்டிய 25-ஆம் எண் வண்டியைப் பற்றி அங்கே விசாரியுங்கள். ஏரிகளில் ஓடி, பிறகு டிராக் ரேஸுக்கு வந்து, 1953-இல் சாண்டா அனாவில் மணிக்கு 140 மைல் தொட்டது. 1955 முதல் தேசியப் போட்டியில் முதன்முதலில் பாதையில் இறங்கியதும் அதுதான். அந்தக் காலத்து வெல்டிங்கும் உலோக வேலையும் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கப்படுத்திக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

பாதுகாப்பு விஷயத்தில் சுருக்கமாக. பழைய மக்னீசிய வீல்களில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சோதிக்காமல் அவற்றின் மேல் ஓட்டாதீர்கள், சுவரில் மாட்டி வையுங்கள். பழைய கிளட்ச், பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உடலில் ஈயம் நிரப்பியிருக்கும். ஆகவே காற்றடித்துத் தூசி பறக்கவிடவோ, முகமூடி இல்லாமல் தேய்க்கவோ கூடாது, வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கவனம். டயர் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிட்டுப் பழையதைப் பத்திரப்படுத்துங்கள்.

வரும் சனிக்கிழமை பெரியவரைப் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு சின்ன காந்தம், அடியில் படுக்க ஒரு பாய், இவ்வளவு போதும். காலையில் போங்கள், வெளிச்சம் சாய்வாக விழும். விலை பேசுவதற்கு முன் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வண்டியை எந்தக் கார் இழுத்துப் போனது? எந்தப் பாகம் அடிக்கடி உடைந்தது? ஏன் நிறுத்தினீர்கள்? ஓட்டியவரோ கூட இருந்தவரோ இவற்றுக்கு யோசிக்காமல் பதில் சொல்வார். கேள்விப்பட்டவருக்கு ஜெயித்த கதை மட்டும்தான் தெரிந்திருக்கும். அவர் சம்மதித்தால் போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், வண்டியை வாங்காவிட்டாலும் ஒரு பிரதியை அவர் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். முன் காதுகளின் துளை, ஃபயர்வால், கம்பளத்துக்கு அடியில் உள்ள தரை, சேஸிஸ் எண், இந்த நான்கையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.